புத்தூரிலிருந்து புத்தூருக்கு: ஒரு சிப்பாயின் முதுகு

இந்த எபிசோடை ஒரு ரீல்ஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். நீங்களும் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. மேஜையில ஒருத்தர் படுத்திருப்பார். இன்னொருத்தர் அவர் தோளைப் பிடிச்சு, இடுப்பைத் திருப்பி ஒரு அழுத்து. 'மளுக்'னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் நல்லா கேக்கணும்னே முதுகுப் பக்கத்துல மைக் வச்சிருப்பாங்க. எழுந்தவர் சில சமயம் சிரிப்பார், சில சமயம் அழுவார். இதுக்குப் பேர் கைரோபிராக்டிக்.

போன மார்கழியில இப்படி ஒரு வீடியோவை எங்க தாத்தாவுக்குக் காட்டினேன். தாத்தா முன்னாள் ராணுவத்துக்காரர். மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர். 82 வயசு. திருச்சி புத்தூர்ல, உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் வீடு. 1971-ல மேற்கு எல்லையில, லாரியில இருந்து தோட்டாப் பெட்டி இறக்கும்போது முதுகு பிடிச்சுக்கிச்சு. அந்த வலிக்கு இப்போ என் வயசுல ரெண்டு மடங்கு வயசு.

வீடியோவைப் பார்த்து முடிச்சுட்டு, "இதுக்கா பாப்பா இவ்ளோ காசு கேக்குறான்? எங்க ஊர்ல, காலு முன்னாடி வந்து பொறந்தவன் நாலு மிதி மிதிச்சா ஓசியில போயிடும்"ன்னார்.

நான் அவருக்குத் தெரியாம ஏற்கெனவே அப்பாயின்ட்மென்ட் வாங்கி வச்சிருந்தேன். அது என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். ஆனா அவர் சொன்ன அந்த ஒரு வரி என்னை ரொம்ப நாள் படிக்க வச்சுது. சிப்பாய்களோட முதுகு வலிக்கும், மருந்து கொடுக்காம கையால வைத்தியம் பண்றவங்களுக்கும் பெரிய வரலாறு ஒண்ணு இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

ரெண்டு புத்தூர்

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். தமிழ்நாட்டில எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுல இறங்கினாலும் 'புத்தூர் எலும்பு முறிவுக் கட்டு'ன்னு ஒரு போர்டு கண்ணுல படும். சின்ன வயசுல, ஏதோ எங்க புத்தூரோட பெருமைதான் ஊர் ஊரா போயிருக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்படி இல்லை. எங்க புத்தூருக்குப் பெருமை குழுமாயி அம்மன் கோயில், ஆறுகண் பாலம், அரசு மருத்துவமனை, பிஷப் ஹீபர் கல்லூரி. கட்டுக்குப் பேர் போன புத்தூர் ஆந்திராவில, திருப்பதிப் பக்கம், அரக்கோணத்துல இருந்து ரேணிகுண்டா போற ரயில் பாதையில இருக்கு.

அந்தப் புத்தூர்ல கட்டுற குடும்பங்கள் தங்கள் வைத்தியம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியதாகச் சொல்கின்றன. வேட்டைக்குப் போன ஒருத்தர், கால் உடைஞ்ச முயலை இலையில சுத்தி வச்சாராம், அந்த இலைச்சாறு பட்டதும் எலும்பு கூடிடுச்சாம். இது கர்ண பரம்பரைக் கதை. ஆனா பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணின்னு அந்தக் கட்டு இன்னைக்கும் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.

தாத்தா எண்பதுகள்ல ரயிலேறி அங்கே போயிருக்கார். பாட்டி அதை இன்னும் கிண்டல் பண்ணுவாங்க: "புத்தூர்லேர்ந்து புத்தூருக்குப் போன ஒரே ஆளு உங்க தாத்தாதான்." உடைஞ்ச எலும்புக்குப் போடுற கட்டை முதுகு வலிக்குப் போட்டுக்கிட்டு வந்தார். மூணு மாசம் நல்லா இருந்துதாம். அப்புறம் திரும்பவும் அதே வலி.

ஏன் முதுகு?

சிப்பாயோட வேலையே சுமக்கிறதுதான். துப்பாக்கி, தோட்டா, தண்ணி, மண்வெட்டி, கம்பளி எல்லாத்தையும் முதுகுல ஏத்திக்கிட்டு மலையேறணும். அந்த முதுகுப்பைக்கு நம்ம ராணுவத்துல 'பிட்டு'ன்னு பேர். தாத்தா இன்னைக்கும் என் லேப்டாப் பையைப் 'பிட்டு'ன்னுதான் சொல்வார்.

ராணுவத்துல உடல் தகுதியை 'ஷேப்'னு அஞ்சு எழுத்துல குறிப்பாங்க. மனநிலை, காது, கை கால்கள், உடல் திறன், கண்ணுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து. எல்லாம் சரியா இருந்தா 'ஷேப் ஒன்'. அந்த அஞ்சுல முதுகுக்குன்னு தனி எழுத்து கிடையாது. முதுகு வலிக்குதுன்னு சொன்னா 'லோ மெடிக்கல் கேட்டகரி' ஆகிடும், பிரமோஷன் தள்ளிப் போகும், ரொம்ப முத்தினா 'போர்டு அவுட்'. அதனால வலியை விழுங்கிக்கிட்டே சர்வீஸை முடிச்சவங்க நிறையப் பேர்.

இன்னொரு விஷயம். 15 வருஷம் சர்வீஸ் முடிச்சா சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு. அதனால 35, 40 வயசுலயே வீட்டுக்கு வந்துடுவாங்க. பிள்ளைங்க அப்போதான் பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருக்கும். உடனே அடுத்த வேலை தேடணும். தாத்தா 20 வருஷம் ஒரு பேங்க் வாசல்ல காவலுக்கு நின்னார். வாழ்க்கையில பாதி சுமந்தார், மீதிப் பாதி நின்னார்.

திருச்சி பழைய ராணுவ ஊர். 1751-ல கம்பெனிக்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் ஆளுக்கொரு நவாபைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கோட்டைக்காக மோதினாங்க. அப்புறம் பெரிய கன்டோன்மென்ட் வந்தது. இன்னைக்குத் தமிழ்நாட்டில கன்டோன்மென்ட் போர்டு இருக்கிறது ரெண்டே இடத்துலதான்: பரங்கிமலை-பல்லாவரம், வெலிங்டன். திருச்சியில பேர் மட்டும் மிச்சம். பஸ்ல 'கன்டோன்மென்ட் ஒண்ணு'ன்னு டிக்கெட் கேக்குறோமே, அந்தப் பேர்.

தொட்டு வைத்தியம் பண்றவங்க

நம்ம ஊர்ல உடம்பைத் தொட்டு, நீவி, சுளுக்கெடுத்து, கட்டுப் போட்டவங்க யார்? பல ஊர்கள்ல முடிதிருத்துகிற மருத்துவர் சமூகத்து மக்கள். பிரசவம் பார்த்ததும் அவங்க வீட்டுப் பெண்கள்தான். தெக்கே வர்ம ஆசான்கள். உடம்பைத் தொடுற வேலைங்கிறதாலயே அதைக் கீழான வேலையா வச்சிருந்தாங்க. கை வேணும், கைக்கு மரியாதை வேண்டாம்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. லண்டன்ல ஹெர்பர்ட் பார்க்கர்னு ஒரு எலும்பு வைத்தியர் இருந்தார். மருத்துவப் பட்டம் கிடையாது. ஆனா முட்டி விலகின கால்பந்து ஆட்டக்காரங்க அவர் வாசல்ல வரிசையில நிப்பாங்க. அவருக்கு மயக்க மருந்து கொடுத்து உதவினார் ஆக்ஸம்ங்கிற டாக்டர். பட்டம் இல்லாதவருக்கு உதவினது குற்றம்னு 1911-ல ஆக்ஸமோட பேரை மருத்துவர் பதிவேட்டுல இருந்து அடிச்சுட்டாங்க.

அப்புறம் முதல் உலகப்போர் வந்தது. காயம்பட்ட சிப்பாய்களைப் பார்க்கரிடம் ஏன் அனுப்பக் கூடாதுன்னு பார்லிமென்ட்லயே கேள்வி எழுந்தது. ராணுவ மருத்துவத் துறை அவரை உள்ளே விடவே இல்லை. போர் முடிஞ்சு 1922-ல அதே பார்க்கருக்கு 'சர்' பட்டம் கொடுத்தாங்க. ஆக்ஸம் மட்டும் தன் பேரைத் திரும்பப் பெறாமலே 1926-ல செத்துப்போனார்.

அதே போர்ல இன்னொரு கதவு திறந்தது. 1894-ல நாலு நர்ஸுங்க சேர்ந்து, மசாஜ் கத்துக்கிட்ட பெண்களுக்குன்னு ஒரு சங்கம் தொடங்கியிருந்தாங்க. போர் வந்ததும் அந்தப் பெண்கள் ராணுவ ஆஸ்பத்திரிகள்ல வேலைக்குச் சேர்ந்தாங்க. கை கால் மடக்க முடியாத ஆயிரக்கணக்கான சிப்பாய்களை மறுபடி நடக்க வச்சாங்க. 1920-ல அந்தச் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைச்சது. பிசியோதெரபிங்கிற தொழில் நிலைச்சு நின்னது இப்படித்தான்.

பார்க்கர் வெளியே நின்னார், இந்தப் பெண்கள் உள்ளே போனாங்க. ரெண்டு பேரும் கையாலதான் வேலை செஞ்சாங்க. இவங்க டாக்டர் அனுப்பின நோயாளியை மட்டும் பார்த்தாங்க, பரீட்சை வச்சாங்க. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

டேவன்போர்ட் டு பட்டாளம்

இப்போ ரீல்ஸ் வைத்தியத்தோட பிறந்த ஊருக்கு வருவோம். அமெரிக்காவில, அயோவா மாநிலத்துல டேவன்போர்ட். 1895 செப்டம்பர். டி.டி. பாமர்னு ஒரு காந்த வைத்தியர். அந்தக் கட்டடத்தைச் சுத்தம் செய்துக்கிட்டிருந்த ஹார்வி லில்லார்டுங்கிற கறுப்பினத் தொழிலாளிக்குக் காது சரியா கேக்காது. முதுகுல ஏதோ பிசகினப்போ கேக்காமப் போச்சுன்னு அவர் சொல்ல, பாமர் அவர் முதுகெலும்பை ஒரு தள்ளுத் தள்ளினார். காது கேட்டுச்சுன்னு கதை.

அதுல இருந்து பாமர் ஒரு முழுக் கோட்பாட்டையே கட்டினார். முதுகெலும்பு நகர்ந்து நரம்பை அழுத்துறதுதான் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு நோய்க்குக் காரணம்னார். இதுக்கு ஆதாரம் இல்லை. அந்த 'மளுக்' சத்தமும் எலும்பு இடத்துக்கு வர்ற சத்தம் இல்லை. மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல திடீர்னு ஒரு வெற்றிடம் உண்டாகுது. 2015-ல கனடாவில விரல் மூட்டைச் சொடக்கும்போதே ஸ்கேன் எடுத்து இதைக் காட்டியிருக்காங்க.

கோட்பாடு தப்பா இருந்தாலும், இடுப்பு வலியோட வந்த சில பேருக்கு அந்தக் கை உதவிச்சு. அதனால கூட்டம் குறையலை. டாக்டர்கள் எதிர்த்தாங்க. லைசன்ஸ் இல்லாம வைத்தியம் பண்ணினதுக்குப் பாமரே 1906-ல ஜெயிலுக்குப் போனார்.

இங்கேதான் முன்னாள் சிப்பாய்கள் வர்றாங்க. ரெண்டாம் உலகப்போர் முடியுற சமயம், 1944-ல அமெரிக்க அரசு 'ஜி.ஐ. பில்'னு ஒரு சட்டம் போட்டது. போரில இருந்து திரும்புறவங்க படிக்க அரசே பணம் கட்டும். அந்தப் பணத்துல நிறைய சிப்பாய்கள் கைரோபிராக்டிக் கல்லூரியில சேர்ந்தாங்க. மூடுற நிலைமைக்கு வந்த கல்லூரிகள்கூட நிரம்பிப் போச்சு.

இதுல இருக்கிற முரண்பாட்டைப் பாருங்க. ஒரு முன்னாள் சிப்பாய் கைரோபிராக்டிக் படிக்க அரசு பணம் தரும். ஆனா அதே அரசோட முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரியில, இன்னொரு முன்னாள் சிப்பாயோட முதுகை அவர் தொட முடியாது. ஒண்ணு ரெண்டு இல்லை, சுமார் 60 வருஷம் இப்படித்தான் இருந்தது.

அதை மாத்தினதுல பெரிய பங்கு முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கு உண்டு. கைரோபிராக்டர்களோட சங்கங்களும் தங்கள் தொழிலுக்காகச் சேர்ந்து அழுத்தம் கொடுத்தன, அதையும் மறைக்க வேண்டியதில்லை. 1987-ல அமெரிக்க டாக்டர்கள் சங்கம் கைரோபிராக்டர்களைத் திட்டமிட்டு ஒதுக்கியது சட்டவிரோதம்னு கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 1990-கள்ல ராணுவ முகாம்கள்ல சோதனை முயற்சி நடந்தது. 2002 ஜனவரியில ஒரு சட்டம் வந்து, 2004-ல இருந்து முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள்ல கைரோபிராக்டர்கள் உட்கார ஆரம்பிச்சாங்க. ஈராக், ஆப்கானிஸ்தான்ல இருந்து திரும்பினவங்க கிட்ட முதுகு, மூட்டு வலிதான் மிகச் சாதாரணமான புகார். அவங்களுக்கு எழுதிக் கொடுத்த ஓபியாய்டு மாத்திரைகள் பலரை அடிமையாக்கிடுச்சு. மாத்திரை இல்லாத வழி வேணும்ங்கிற நெருக்கடி அதுக்கப்புறம் இன்னும் கூடிச்சு.

2018-ல மூணு ராணுவ ஆஸ்பத்திரிகள்ல 750 பேரை வச்சு நடத்தின ஒரு ஆய்வு வெளியாச்சு. வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்களைவிட, அதோட ஆறு வாரம் கைரோபிராக்டிக்கும் எடுத்தவங்களுக்கு இடுப்பு வலி கூடுதலா குறைஞ்சது. அற்புதம் இல்லை, ஓரளவு. இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். அவங்க எல்லாரும் சர்வீஸ்ல இருந்த 18 முதல் 50 வயசுக்காரங்க. ரெண்டாவது, அந்தக் கைரோபிராக்டர் டாக்டரோட அதே ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தார்.

நம்ம பக்கம் என்ன நடந்தது?

போர்ல கை கால் இழந்தவங்களுக்கு இந்தியாவில நிறுவனங்கள் உண்டு. 1917-ல பம்பாயில தொடங்கி, பிறகு புனே பக்கம் கிர்க்கிக்குப் போன குயின் மேரிஸ் தொழிற்பள்ளி ஊனமுற்ற சிப்பாய்களுக்குத் தொழில் கத்துக் கொடுத்தது. 1944-ல புனேயில செயற்கைக் கால் மையம். தண்டுவடம் பாதிச்சவங்களுக்கு 1974-ல கிர்க்கியில ஒரு மறுவாழ்வு மையம். எல்லாம் நல்ல இடங்கள். ஆனா இதெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்ச காயத்துக்கு. வெளியே எதுவும் தெரியாம உள்ளே வலிக்கிற முதுகு அவங்கவங்க வீட்டுப் பிரச்சினையாவே நின்னுடுச்சு.

நாட்டு வைத்தியத்தை அரசுக்குள்ள கொண்டு வர்ற முயற்சியும் நடந்தது. 1921-ல மெட்ராஸ் அரசு முகமது உஸ்மான் தலைமையில ஒரு கமிட்டி போட்டது. அதன் செயலாளர் காப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. முதல் உலகப்போர்ல ராணுவ டாக்டரா இருந்தவர், அந்தக் 'காப்டன்' அப்படி வந்ததுதான். 1923-ல அறிக்கை வந்தது. அடுத்த ரெண்டு வருஷத்துல மெட்ராஸ்ல இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கி, அவரே முதல்வரானார். சித்தாவும் ஆயுர்வேதமும் யுனானியும் வகுப்பறைக்குள்ள வந்தது. ஆனா ஊர்ல கட்டுப் போட்டவரும் சுளுக்கெடுத்தவரும் பெரும்பாலும் வெளியேதான் நின்னாங்க.

2003-ல மத்திய அரசு முன்னாள் படைவீரர்களுக்கு ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தைக் கொண்டு வந்தது. தாத்தாவும் அந்த அட்டையை வச்சிருக்கார். திருச்சியிலயும் அதோட பாலிகிளினிக் உண்டு. 2022-ல நாடு முழுக்க 37 கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரிகள்ல ஆயுர்வேதப் பிரிவு திறக்கப் பாதுகாப்புத் துறை முடிவெடுத்தது. கைரோபிராக்டிக்குக்கு இந்தியாவில தனி அரசு கவுன்சிலே கிடையாது. யார் முறையா படிச்சவர், யார் யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டவர்னு வெளியே மாட்டியிருக்கிற போர்டைப் பார்த்து நம்மால சொல்ல முடியாது.

அதே 2022-ல அக்னிவீர் திட்டமும் வந்தது. நாலு வருஷ சர்வீஸ். கால்வாசிப் பேர் வரைதான் நிரந்தரமா தொடர முடியும். வெளியே வர்றவங்களுக்குப் பென்ஷன் கிடையாது, ஈ.சி.எச்.எஸ். அட்டையும் கிடையாது. முதல் அணிக்கு அந்த நாலு வருஷம் 2026-ஓட முடியுது. உங்க வயசுப் பசங்க, உங்களைவிடச் சின்னப் பசங்க. அவங்களும் பிட்டு தூக்கினவங்கதான்.

அந்த அப்பாயின்ட்மென்ட்

இப்போ தாத்தா கதைக்கு வர்றேன்.

கைரோபிராக்டிக் சென்டருக்குப் போறதுக்கு முந்தின வாரம், என்கூடப் படிச்ச ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்டப் பேச்சுவாக்குல சொன்னேன். அவ உடனே ரெண்டு கேள்வி கேட்டா. "சமீபத்துல கீழே விழுந்தாரா? முன்னைக்கு இப்போ உயரம் குறைஞ்சிருக்காரா?" விழலை. உயரம்? யாருக்குத் தெரியும்!

தாத்தாவுக்குத் தெரிஞ்சிருந்தது. டிரங்குப் பெட்டியில, பாட்டியோட கல்யாணப் புடவைக்கு அடியில, அவரோட டிஸ்சார்ஜ் புக். பழுப்பேறிப்போன பக்கத்துல உயரம்: 5 அடி 6 அங்குலம். சுவத்துல நிக்க வச்சு ஸ்கேல் வச்சு அளந்தேன். 5 அடி 3.

மூணு அங்குலம் எங்கே போச்சு? எக்ஸ்ரே எடுத்தோம். முதுகெலும்புல ரெண்டு கட்டை நசுங்கியிருந்தது. எலும்பு மெலிஞ்சு, சத்தமில்லாம, எப்பவோ நடந்தது. "இந்த முதுகை யாராவது வேகமாத் திருப்பியிருந்தா இன்னொண்ணும் உடைஞ்சிருக்கலாம்"னார் டாக்டர். நான் காட்டின வீடியோ என் ஞாபகத்துக்கு வந்தது. அந்தச் சென்டர்ல போன்ல அவரோட வயசைக்கூடக் கேக்கலை. நானும் சொல்லலை. பணம் கட்டி, தேதி வாங்கினது நான்தான்.

அதனால கையால பண்ற வைத்தியமே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். இளவயசு இடுப்பு வலிக்கு, முறையாப் படிச்ச கை உதவுதுன்னு ஆய்வு சொல்லுது. தாத்தாவுக்கு இப்போ எலும்புக்கு மருந்தும், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த மெதுவான பயிற்சியும் நடக்குது. வலி முழுசாப் போகலை. ஆனா காலையில தானே நடந்து வாய்க்கால் வரை போயிட்டு வர்றார்.

எனக்குப் புரிஞ்சது இதுதான். அமெரிக்கச் சிப்பாய்க்கு 60 வருஷம் கழிச்சுக் கிடைச்சது வெறும் 'மளுக்' சத்தம் இல்லை. கைரோபிராக்டர், டாக்டர், எக்ஸ்ரே, பழைய ஃபைல் எல்லாம் ஒரே கூரைக்குள்ள, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிக்கிற ஏற்பாடு அவருக்குக் கிடைச்சது. தாத்தா 54 வருஷத்துல பட்டாளத்து டாக்டர், மிதிச்சவர், புத்தூர்க் கட்டு, பாலிகிளினிக்னு பல வாசல் ஏறியிருக்கார். ஒரு வாசல்ல நடந்தது இன்னொரு வாசலுக்குத் தெரியாது. எல்லாத்தையும் சேர்த்து வச்சிருந்தது அந்த டிரங்குப் பெட்டி மட்டும்தான்.

உங்க வீட்டுலயோ தெருவிலயோ முன்னாள் ராணுவத்துக்காரர் யாராவது இருந்தா, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. அவரோட டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துத் தரச் சொல்லி, இப்போதைய உயரத்தை அளந்து பாருங்க. ரெண்டு அங்குலத்துக்கு மேல குறைஞ்சிருந்தா, யார் கையையும் முதுகுல வைக்க விடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டக் காட்டுங்க. அப்படியே அந்த முதுகு என்னென்ன சுமந்துச்சுன்னும் கேளுங்க. கேட்டதை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, இன்னொரு எபிசோடில சேர்ந்து கேப்போம்.

தாத்தாவும் இந்த எபிசோடைக் கேப்பார். "மிதிக்கிறவனைப் பத்தி ஏன் ரெண்டே வரி?"ன்னு கண்டிப்பா சண்டைக்கு வருவார். வரட்டும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.